அது நாந்தாங்க

பேசத் தொடங்கும் முன் வலது கையைத் தோளுக்குச் சற்று மேலே உயர்த்துவார், வாத்தியார் கேள்வி கேட்டதும் பிள்ளைகள் தூக்குவார்களே அந்த மாதிரி. தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகுதான் அந்த வார்த்தை வரும்.

"அது நாந்தாங்க."

இலங்கையில் மடுல்சீமைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே யாராவது எதற்காவது ஏச்சு வாங்கும் இடத்தில் அவர் நின்றால் போதும், அந்தக் கை உயர்ந்துவிடும். நாங்கள் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அவருக்குக் கவ்வாத்து வேலை. முற்றிப்போன தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி மட்டம் பண்ணுவது. நான் பிள்ளை மடுவத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். எங்களுக்குள் இரத்த உறவு கிடையாது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நின்றபோது கங்காணி கத்திக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஒரு நிரையில் கொழுந்தே எடுக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். விட்டது யாரென்று எங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்த சின்னப் பெண். அது கூடைக் கயிற்றைப் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எவ விட்டது? வாயத் தொறந்து சொல்லுங்க!"

ஆண்கள் பக்கத்திலிருந்து கை உயர்ந்தது.

"அது நாந்தாங்க."

கங்காணி திரும்பிப் பார்த்தார். "நீயா? நீ என்னைக்குடா கூடை மாட்டுன?"

பெரட்டே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுபடி கோபப்பட அவரால் முடியவில்லை.

இன்னொரு முறை மடுவத்தில் பால் வாளியை நான்தான் கால் தட்டிக் கவிழ்த்தேன். பிள்ளைகளுக்கு அன்று பால் இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் வந்து கத்தினார். அப்போது விறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தவர் இவர். கையைத் தூக்கிவிட்டார். அவருக்கு அன்று அரைப் பேர்தான் விழுந்தது. பாதி நாள் சம்பளம் போயிற்று. சாயங்காலம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே இப்பிடிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "நீ அழுதா அத்தனை பிள்ளைகளும் சேந்து அழுவும். யாரு தாலாட்டுறது?" என்றார்.

என் புருஷனுக்கு மட்டும் இது பிடிக்காது. ஸ்டோரில் தேயிலைத் தூள் திருடின ஒருத்தனுக்காக இவர் கையைத் தூக்கி, தொரை வரைக்கும் விஷயம் போய், வேலை போய்ச் சீட்டுக் கிழியும் நிலைமைக்கு வந்த நாளில், அவர் இவரை முகத்துக்கு நேரே கேட்டார்: "மத்தவன் பாரத்த எல்லாம் நீயே தூக்குனா, அவன் எப்ப நடந்து பழகுறது? அந்தக் கள்ளன் நாளைக்கும் எடுப்பான். நாளைக்கு நீ நெசமாவே ஒண்ணு பண்ணிட்டு நாந்தான்னு சொன்னா எவன் நம்புவான்?"

அண்ணன் சிரித்தார். நெசமாக ஒன்றைப் பண்ணும் ஆள் இல்லை அவர் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அவர் கட்டிக்கொண்டு வந்தது கொஸ்லந்தைப் பக்கத்துப் பெண்ணை. என்னைவிட இளையவள். முறைக்கு மதினி என்று கூப்பிட்டாலும் வா, போ என்றுதான் பேசுவேன். நெட்டையாக இருப்பாள். கொழுந்தில் அவள் கை படுவது தெரியாது, கூடை நிறைவதுதான் தெரியும். வேலை இல்லாத நாட்களில் மடுவத்துக்கு வந்துவிடுவாள். ஏணைகளை ஆட்டுவாள், மூக்குச் சளி துடைப்பாள், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

வருஷம் போயிற்று. இரண்டு வருஷம், மூன்று வருஷம். அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஒரு நாள் ஒரு தாய் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "அக்கா, அவ கை படாமப் பாத்துக்கங்க. நேத்து ராவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல்."

மதினி உள்ளேதான் இருந்தாள். அதற்குப் பிறகு உள்ளே வரமாட்டாள். வேலிக்கு வெளியே நின்று, காயப்போட்ட பிள்ளைத் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போவாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவள் குடத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவசரம் இருக்கும். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்கள் அவள் எதிரே வந்தால் நின்று, அவள் போன பிறகு புறப்படுவார்கள். மலடி முகத்தில் முழித்தால் கூடை நிறையாதாம்.

அண்ணன் அவளைப் பதுளைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டர் கண்டிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை ரயில் கோச்சி ஏறிக் கண்டிக்குப் போய் வந்தார்கள். இரண்டாம் தடவை திரும்பி வந்த மறுநாள் காலை அவர் பீலிக்கு வந்தார். பெண்கள் கூடி நிற்கும் நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. இவர் வந்து, கையை உயர்த்தி, தொண்டையைச் செருமினார்.

"கண்டி டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. கொறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் தெரியட்டும்னு சொல்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். குடம் நிறைந்து தண்ணீர் வழிந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு ஆண்பிள்ளை தன் வாயால், பெண்கள் நடுவில், பட்டப்பகலில் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே கிடையாது.

அன்றிலிருந்து மதினியை யாரும் அந்தச் சொல்லால் கூப்பிடவில்லை. பீலியில் அவளுக்கு வழி விட்டார்கள். "பாவம், இவளுக்கு வாய்ச்சது அப்பிடி" என்றார்கள். தாய்மார் அவள் கையிலேயே பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிரிப்பெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது. கவ்வாத்து மலையில் ஒரு செடி துளிர்க்காமல் நின்றால், "இது ஒன்னோட ஜாதிடா" என்பார்கள். மாசியில் காமன் கூத்து நடந்தபோது கோமாளி வேஷக்காரன் இவரைப் பார்த்தே கையைத் தூக்கி, "அது நான் இல்லீங்க" என்று சொல்லி இடுப்பை ஆட்டினான். தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. இவரும் சிரித்தார். நான் மதினியைப் பார்த்தேன். அவள் கூத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் அப்போது உண்மை தெரியாது. அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

கொஸ்லந்தையிலிருந்து அவள் அண்ணன்மார் இருவரும் வந்தது அதற்கடுத்த வருஷம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவர் பேசினார். "மச்சான், நீங்களே கொறைன்னு ஒத்துக்கிட்டீங்க. எங்க தங்கச்சிக்கு இன்னும் வயசு இருக்கு. கோவிச்சுக்காம விட்டுருங்க."

பிறகு அண்ணன் குரல்: "அவ இஷ்டம்."

மதினி சொன்னாள்: "காலு ஒடிஞ்ச மாட்டைக்கூட பாதி வழியில விட்டுட்டு வரமாட்டாங்க. நான் வரல. சாப்புட்டுட்டுப் போங்க."

அதன் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. ஒருத்தருக்காக எதையோ விட்டுக்கொடுத்தவளுடைய நடை. அவருக்குச் சோறு போடும்போதுகூட அந்தப் பெருமை அவள் கையில் தெரியும். அவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார்.

இப்படியே சில வருஷங்கள். ஒரு தைமாதம் அவளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாள். அவரிடம் சொன்னது மறுநாள். அதற்கடுத்த நாள் மத்தியானம் அண்ணன் மடுவத்து வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கத்தியைக் கீழே வைக்கவும் மறந்திருந்தார். முகத்தில் சிரிப்பும் பயமும் சேர்ந்து கிடந்தன.

"தங்கச்சி, நான் சொன்னது பொய்."

"எதுண்ணே?"

"பீலியில சொன்னது. கொறை எனக்கில்ல."

பிறகு கண்டியில் நடந்ததைச் சொன்னார். அங்கே ஒரு மிஸ்ஸி, பதுளைக் கடைவீதி முஸ்லிம் பெண், நம் பாஷை பேசுகிற நர்ஸ். அவருடைய விந்துத் துளியை ஒரு கண்ணாடியில் வைத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஒத்தைக் கண்ணால பாத்தேன் தங்கச்சி. அத்தனையும் உசிரு. தலையும் வாலுமா நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது. ஒரு துளியில கோடிக்கணக்குல இருக்குமாம். எங்க ஓடுதுங்கன்னு கேட்டேன். முட்டையத் தேடித்தான்னு சொல்லுச்சு. பொம்பளைக்கு மாசத்துல ஒரு முட்டைதான் வருமாம். வந்தா ஒரு நாளைக்கு மேல தாங்காது. கர்ப்பப்பையில இருந்து ரெண்டு பக்கமும் ரெண்டு கொழாய் போகுது. முட்டை அந்தக் கொழாய்க்குள்ளதான் வந்து காத்துக்கிட்டிருக்கும். இதுங்க அத்தனையும் நீந்திப் போய், வழியிலேயே முக்காவாசி செத்து, கடைசியில கொஞ்சந்தான் அங்க போய்ச் சேருமாம். எல்லாம் சுத்தி நின்னு முட்டும். ஒண்ணே ஒண்ணு உள்ள போகும். போன ஒடனே முட்டை தன் தோலை இறுக்கிக்கும். அப்பறம் வேற எதுக்கும் எடமில்ல. அந்த ரெண்டும் கலந்து ஒண்ணாகி, ரெண்டாப் பிரிஞ்சு, நாலாப் பிரிஞ்சு, உருண்டுக்கிட்டே அஞ்சாறு நாள்ல கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்கும். அதுதான் பிள்ளை."

எத்தனையோ பிள்ளைகளைக் கையில் தூக்கிய எனக்கும் அதெல்லாம் புதுசு. விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்றுதான் கேட்டு வளர்ந்திருந்தேன். பெண்ணிடமிருந்தும் ஒரு பாதி வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவளுக்கு மருந்து ஏத்திப் படம் புடிச்சாங்க. ஒரு கொழாய் முழுசா அடைச்சிருச்சு. இன்னொண்ணுல ஒரு நூல் போற எடந்தான் இருக்கு. சின்ன வயசுல அவளுக்கு வயித்துல சீழ் வச்சு ரொம்ப நாள் கெடந்தாளாம், அதுல வந்ததாம். தங்குறது கஷ்டம், ஆனா தங்கவே தங்காதுன்னு சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். அவ உள்ள மயக்கமாப் படுத்திருந்தா. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க."

"அப்ப ஏண்ணே எல்லாத்தையும் ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"எனக்குக் கொறைன்னா சிரிப்பாங்க. அவளுக்குக் கொறைன்னா துப்புவாங்க. சிரிப்பைத் தாங்கிக்கலாம்ல தங்கச்சி."

பிறகுதான் பயத்தைச் சொன்னார். மிஸ்ஸி அவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்கிறாள்: எப்போதாவது நாள் தள்ளிப்போனால் உடனே கூட்டி வாருங்கள், அந்தக் குழாயில் சிக்கிக்கொண்டால் ஆபத்து. அவளைப் பதுளைக்குக் கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போக வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கிறார். அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் பேசியதுதான் சுவருக்கு மேலாக வந்தது.

"எங்க அண்ணங்க வந்தப்ப நான் என்ன சொன்னேன்? காலு ஒடிஞ்ச மாடுன்னு ஒங்களச் சொன்னேன். நீங்க குனிஞ்சு ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க. ஒடிஞ்சது நானு. இத்தனை வருசமும் ஒங்கள நெனச்சுப் பரிதாபப்பட்டு, சாமிகிட்ட ஒங்களுக்காக வேண்டி… நீங்க உள்ளுக்குள்ள என்னப் பாத்துப் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தீங்க."

"பரிதாபம் இல்லம்மா…"

"வேற என்ன? நான் தாங்குவேனா மாட்டேனான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

பதுளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "கொறை ஒங்களுக்குன்னீங்க, நம்புனேன். இப்ப எனக்குன்றீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

பெரட்டில் அவள் வாந்தி எடுத்த அன்றே தோட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. புருஷனுக்குக் குறை என்று புருஷனே சொன்னது. அதை மறக்க யாரும் தயாராக இல்லை. அப்படியானால் யாருடையது? ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். காலையில் ஒரு பேர், மாலையில் வேறு பேர். பீலியில் மறுபடியும் அவள் குடத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவசரம் வந்தது. முன்பு மலடி என்றவர்கள் இப்போது சொன்ன சொல்லை நான் எழுத மாட்டேன்.

ஒரு காலை, ஆட்கள் எல்லாம் கூடியிருக்கும்போது அண்ணன் கையை உயர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"அது நாந்தாங்க. என் பிள்ளைதான் அது. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

கங்காணி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாலக் கொட்டுனதும் நீ, தூளத் திருடுனதும் நீ. இப்ப இதுவும் நீதானா? போடா, போய் வேலையப் பாரு."

அவர் போகவில்லை. மிஸ்ஸி சொன்னதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். குழாய், முட்டை, நீந்திப் போகும் உயிர்கள், ஒன்று மட்டும் உள்ளே போவது. ஒரு கையைக் குழாயாகச் சுருட்டி, மறு கையின் விரலை அதில் விட்டுக் காட்டினார். பின்வரிசையில் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒரு கிழவர் சாவகாசமாகக் கேட்டார்: "கோடி இருக்குன்ற. ஒண்ணுதான் உள்ள போவும்ன்ற. அந்த ஒண்ணு ஒன்னோடதுன்னு நீ எப்பிடிடா கண்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சுருட்டிய கையை மெல்ல விரித்தார். என் புருஷன் மட்டும் சிரிக்காமல் அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அதற்குப் பின்னும் அவர் விடவில்லை. கடையிலும் கோயில் வாசலிலும் யாராவது கேட்பார்களா என்று பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சில பேர் வேண்டுமென்றே கேட்டார்கள். வீட்டிலே மதினியிடம் கெஞ்சினார். "திட்டு, அடி, ஆனா பதுளைக்கு மட்டும் வா." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் மடுவத்துக்கு வந்தாள். ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கிழமை போறோம்க்கா. அவருகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"கோவம் போயிருச்சா?"

"கோவம் எங்க போகும். இருக்கு. ஆனா யோசிச்சுப் பாத்தேன். எனக்காக அந்தாளு இத்தனை வருசம் ஊருச் சிரிப்ப வாங்குனாரு. நான் ஒரு மாசம் ஊருப் பேச்ச வாங்குனா கொறஞ்சா போயிருவேன்?" பிறகு, "நேத்து ராத்திரி அவரு சோத்துல ஒரு கைப்பிடி உப்பக் கூடப் போட்டுட்டேன், வேணும்னே. ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னாரு. நானே சிரிச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோளும் வலிக்கிறது என்றாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாள். நாலு பேர் கம்பளியில் வைத்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். முகம் வெள்ளையாகிக் கிடந்தது. வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

தோட்டத்து லொறியில் ஏற்றினோம். அவள் தலை என் மடியில், கால்கள் அண்ணன் மடியில். பசறைக்கு வரும் வரைக்கும் பாதை முழுவதும் சேறும் குழியும்தான். ஒவ்வொரு குழியிலும் அவள் முனகினாள். அண்ணன் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இந்தா வந்துருச்சு. இந்த வளைவு தாண்டுனா பசறை. பசறை தாண்டுனா பதுளை." அவள் கண்ணைத் திறந்து ஒரு தடவை அவரைப் பார்த்தாள். "திங்கக்கிழமைன்னுதானே சொன்னேன்" என்றாள், வருகிற நாளை மாற்றிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல.

பதுளையில் ஓடி வந்து தூக்கிப் போனார்கள். இரத்தம் ஏற்றினார்கள், வயிற்றைத் திறந்தார்கள். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்ததே தாமதம்.

டாக்டர் வெளியே வந்து சிங்களத்தில் பேசினார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் எங்களுக்குச் சொன்னாள். கரு குழாயிலேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது. குழாய் வெடித்து இரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கொட்டிவிட்டது. அண்ணன் கேட்டார்:

"அந்த வழியாத்தானே என்னோடது உள்ள போச்சு? போன வழியில ஏன் திரும்பி வர முடியல?"

அந்த நர்ஸ் அவர் பக்கமாக வந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "உள்ள போனது கண்ணுக்கே தெரியாத அளவு, ஐயா. அதுக்கு அந்த வழி போதும். ரெண்டும் சேந்து வளந்தப்பறம் பெருசாயிருச்சு. இதுக்கு அந்த வழி போதல."

"அப்ப… அது உசிரோட இருந்துச்சு?"

"இருந்துச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார், நல்ல செய்தி கேட்டவர் மாதிரி. அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழாய் அடைப்பு பழையது என்று டாக்டர் சொன்னது எங்கள் லொறியோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் எல்லோரும் நம்பினார்கள். பீலியில் அவளுக்கு வழி விடாத பெண்கள்தான் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தார்கள், சத்தமாகத்தான் அழுதார்கள். கங்காணி அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் மூத்த அண்ணன் தூணில் சாய்ந்து நின்று, "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க அவள எங்கயாச்சும் கொண்டுபோய் வைத்தியம் பாத்திருப்போமே மச்சான்" என்றார். அண்ணன், "ஆமா" என்றார். "எம் மேலதான் தப்பு" என்றார். ஆனால் அவர் கை உயரவில்லை.

கருமாதி முடிந்த சாயங்காலம். கடைசி லயத்துக் கிழவி ஒருத்தி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். நல்ல மனசோடுதான் வந்தாள், அதுதான் கொடுமை.

"தம்பி, போனவ போயிட்டா. ஒங்களுக்கு ஒண்ணுங் கொறையில்லைன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பசறைப் பக்கம் என் தங்கச்சி பேத்தி ஒருத்தி இருக்கா…"

அண்ணன் அவளை ஏசவில்லை. "அம்மா" என்றார். "அவளுக்குத்தான் கொறைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். அது ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நான் இத்தனை வருசமா…"

எழுந்து உள்ளே போய்விட்டார். கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போனார், வந்தார். யாரிடமும் எதையும் விளக்கவில்லை. பெரட்டில் யாராவது ஏச்சு வாங்கும்போது, பழக்கத்தில் எல்லோருடைய முகமும் அவர் பக்கம் திரும்பும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷங்களில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவருடைய முறையும் வந்தது. பதுளை ஸ்டேஷனுக்கு நானும் என் புருஷனும் போனோம். அந்தக் கோச்சியை அழுகைக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள். அண்ணனிடம் ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு. எங்கிட்ட சொல்றதுக்கு முந்தி அவ ஒங்கிட்டதானே சொன்னா?"

"ஆமாண்ணே."

"என்ன சொன்னா? எங்கிட்ட சொன்னப்ப நான் பயந்துட்டேன். அவ மொகத்தையே பாக்கல."

நான் சொன்னேன். மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் ஏணையில் தூங்கும் நேரம். மதினி உள்ளே வந்தாள், நுனிக்காலில் நடந்து. தூங்குற பிள்ளைகள் எழுந்திருக்கும் என்று அப்படி நடப்பது வழக்கம்தான். ஆனால் வெளியே வேலி வரைக்கும் போன பிறகும் அப்படியே நடந்தாள். வெளியில ஏன் இப்பிடி நடக்குறன்னு கேட்டேன். எனக்குள்ளயும் ஒண்ணு தூங்குதுக்கா, எழுப்பிறக் கூடாதுன்னு சொன்னா.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார்.

"வேற?"

இன்னும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோமா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உங்களை மாதிரி மூக்கு இருக்கணும்னு சொன்னா, உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சா என்று எதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"அவ்வளவுதாண்ணே. அதுக்குள்ள ஒரு பிள்ளை அழுதுருச்சு. நான் தூக்க ஓடிட்டேன்."

"அவ?"

"வேலிகிட்டயே நின்னா. வயித்துல கைய வச்சுக்கிட்டு."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாண்ணே. நல்லாச் சிரிச்சா."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கோச்சியில் ஏறினார்.